நிறுவனத்தில் மாற்றம் வரும்போது எது நியாயம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் கோவையிலும் டீம் லீடுகள், மேனேஜர்கள், எச்.ஆர். துறையினர் ஆகியோருக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். ஆள்குறைப்பு, இணைப்பு, புது மென்பொருள், இடமாற்றம் என்று எதைப் பற்றிப் பேசினாலும், டீ இடைவேளையில் ஓரமாக வந்து கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொது விவரம் மட்டுமே. உங்கள் விஷயத்துக்கு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள்.

1. "கம்பெனி லாபத்துக்காக மாறுது. இதுல நியாயம் அநியாயம்னு தனியா என்ன சார் இருக்கு?"

மாறுவது தவறில்லை. ஒரு பொருள் விற்கவில்லை என்றால் அதைச் செய்யும் பிரிவை மூடத்தான் வேண்டியிருக்கும். மூடாமல் இழுத்தடித்து மொத்த நிறுவனமும் படுத்துவிட்டால் எல்லோருக்கும்தான் வேலை போகும். என்னைக் கேட்டால், நியாயம் பற்றிய கேள்வி இரண்டு இடத்தில் வருகிறது. பாதிக்கப்படப் போகிறவருக்கு விஷயம் எப்போது தெரிந்தது? தெரிந்தபோது ஏதாவது செய்துகொள்ள அவருக்கு நேரம் மிச்சம் இருந்ததா?

2022 மார்ச் 17 அன்று பிரிட்டனின் பி அண்ட் ஓ ஃபெரிஸ் நிறுவனம், முன்பே பதிவு செய்து வைத்த ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டி 786 கப்பல் ஊழியர்களை வேலையைவிட்டு நீக்கியது. அவர்கள் இடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் ஏஜென்சி ஆட்கள் வந்தார்கள். ஒரு வாரம் கழித்து நாடாளுமன்றக் குழு முன் வந்த தலைமை அதிகாரி பீட்டர் ஹெப்பிள்த்வைட், தொழிற்சங்கங்களிடம் கலந்து பேசச் சட்டம் சொல்கிறது என்று தெரியும், தெரிந்தேதான் பேசவில்லை என்று ஒப்புக்கொண்டார். நிறுவனம் நஷ்டத்தில் இருந்தது என்பது அவர்கள் தரப்பு. இருக்கட்டும். நஷ்டம் ஆள்குறைப்புக்குக் காரணமாகலாம். அந்த வீடியோவுக்குக் காரணமாகாது.

2. "சட்டப்படி நோட்டீஸ், நஷ்டஈடு எல்லாம் குடுத்துட்டா போதாதா?"

அதையாவது ஒழுங்காகக் கொடுங்கள் என்பதுதான் முதல் பதில், ஏனென்றால் பல இடங்களில் அதுவே நடப்பதில்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் முக்கிய விதிகள் பல அதில் தொடர்கின்றன. சம்பளம், வேலை நேரம், ஷிப்ட் போன்றவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆட்குறைப்பில் முடியக்கூடிய இயந்திர மாற்றமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆளைக் குறைத்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். அதோடு மறுபயிற்சி நிதியாக இன்னொரு 15 நாள் சம்பளம். ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, வேலையைவிட்டுப் போகிறவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும்.

இதில் இரண்டு இடைவெளிகள் உண்டு. தொழிற்சாலைகளில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. 280 பேர் வேலை செய்யும் ஆலையில் அந்தக் காவல் இப்போது இல்லை. அப்புறம், இந்தப் பாதுகாப்பு 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். மேலாளர் வேலை பார்ப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் வெளியே நிற்கிறார்கள். சட்டம் தொடாத இந்த ஆட்களிடம் நடந்துகொள்வதில்தான் ஒரு நிர்வாகத்தின் குணம் தெரியும்.

3. "எதைக் கொண்டு வந்தாலும் எதிர்க்கிறாங்க. மாற்றம்னாலே ஜனங்களுக்குப் பிடிக்காது இல்லையா?"

சம்பள உயர்வும் ஒரு மாற்றம்தான். அதை யாரும் எதிர்த்து நான் பார்த்ததில்லை. மக்கள் எதிர்ப்பது இழப்பை. அந்த இழப்பு என்னவென்று கேட்காமல் 'ரெசிஸ்டன்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டால், எதிரில் இருப்பவரின் நியாயமான சந்தேகம் ஒரு நோய் மாதிரி ஆகிவிடுகிறது. அதற்கு மருந்து கொடுக்க வேண்டியதுதான் மேனேஜரின் வேலை என்றும் ஆகிவிடுகிறது.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1960-களின் நடுவில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. கணினி கொண்டுவர முயன்றபோது, ஊழியர்கள் அது உள்ளே வராமல் இரவு பகலாகக் காவல் காத்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. வங்கிகளில் பாதை வேறாக இருந்தது. 1983-லும் 1993-லும் ஊழியர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டுத்தான் கணினிமயம் நடந்தது. எங்கே, எவ்வளவு, இயக்குபவருக்கு என்ன படி என்பதெல்லாம் பேசித் தீர்க்கப்பட்டன. வேகம் குறைவுதான். ஆனால் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே கிளார்க் கணினி முன் உட்கார்ந்தார்.

4. "எல்லார்கிட்டயும் கருத்து கேட்டா வேலை ஆகுமா? முடிவு மேல எடுத்தாச்சு. சும்மா ஒரு மீட்டிங் வெச்சுக் கேட்ட மாதிரி காட்டிடலாமா?"

முதல் பாதிக்குப் பதில்: ஆகும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலை இருந்தது. வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி சரியும், ஆட்கள் விலகுவார்கள். லெஸ்டர் காக், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற இருவர் அங்கே ஒரு சோதனை செய்து 1948-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம் புது முறையை வெறுமனே விளக்கிச் சொல்லி அமல்படுத்தினார்கள். முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையைவிட்டுப் போனார்கள், மீதிப் பேரின் உற்பத்தியும் எழவில்லை. வேறு குழுக்களில் புது முறையை வடிவமைப்பதிலேயே தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். உற்பத்தி சீக்கிரமே பழைய அளவைத் தாண்டியது, அந்த நாட்களில் ஒருவரும் விலகவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. முதல் குழுவில் மிஞ்சியவர்களை, சில மாதம் கழித்து இன்னொரு மாற்றத்தின்போது முழுமையாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதே ஆட்கள் இப்போது நன்றாக வேலை செய்தார்கள். "அந்த செட் ஆளுங்களே அப்படித்தான் சார்" என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இரண்டாம் பாதிக்குப் பதில்: கூடாது. முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் அப்படியே சொல்லுங்கள். "கிளையை மூடுவது உறுதி. அதில் பேச ஒன்றுமில்லை. எந்த மாதம் மூடுவது, யார் எந்த ஊருக்குப் போவது, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை யாருக்கு அவகாசம் தருவது, இதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. இதில் உங்கள் கருத்து வேண்டும்." இப்படிப் பிரித்துச் சொன்னால் கோபப்படுவார்கள், ஆனால் உங்களை நம்புவார்கள். பொய்க் கூட்டம் ஒன்று போட்டால், அடுத்து நீங்கள் உண்மையாகவே கருத்துக் கேட்கும்போது வாய் திறக்க ஆள் இருக்காது.

5. "கொஞ்சம் பயம் காட்டினாத்தான் அசையறாங்க. அது தப்பா?"

மேலாண்மை வகுப்புகளில் 'எரியும் மேடை' என்று ஒரு கதை சொல்வார்கள். 1988 ஜூலை 6-ல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் ஒருவர், நின்றால் சாவு நிச்சயம் என்பதால் அவ்வளவு உயரத்திலிருந்து கடலில் குதித்தார். ஊழியர்களும் அப்படி உணர்ந்தால்தான் மாறுவார்கள் என்பது பாடம். 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைமை அதிகாரி ஸ்டீஃபன் ஈலாப் இதே கதையை வைத்து ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அது வெளியே கசிந்தது.

அந்த மேடையில் தீ உண்மையாகவே எரிந்தது. உங்கள் நிறுவனத்திலும் நிலைமை அப்படித்தான் என்றால் கணக்கைக் காட்டி உள்ளது உள்ளபடி சொல்லுங்கள், அது பயமுறுத்தல் ஆகாது. எரியாத இடத்தில் புகை போடுவதுதான் தவறு. "இந்த காலாண்டு டார்கெட் வரலேன்னா பிராஞ்சையே மூடிடுவாங்க" என்று எந்த ஆதாரமும் இல்லாமல் மேனேஜர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதை நம்பி முதலில் வேறு வேலை தேடிப் போகிறவர் உங்களிடம் இருப்பதிலேயே திறமையான ஆள்.

6. "எப்போ சொல்றதுதான் சரியான நேரம்? சீக்கிரம் சொன்னா பீதி, லேட்டா சொன்னா துரோகம்ங்கிறாங்க."

செய்தியைக் கேட்டவர் அதை வைத்து ஏதாவது செய்துகொள்ள முடிகிற கடைசி நாள் எது என்று பாருங்கள். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். ஜூனில் இடமாற்றம் என்றால் ஏப்ரலில் சொல்ல வேண்டும், பள்ளிச் சேர்க்கை அப்போதுதான். பீதி வரும், உண்மை. அது பெரும்பாலும் வதந்தியாக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். கேன்டீனில் வேலை செய்பவருக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் பல நிர்வாகங்கள் ரகசியம் என்று பொத்தி வைத்திருக்கின்றன.

முழுதாகத் தெரியாவிட்டாலும் சொல்லலாம். "இது முடிவாகிவிட்டது, இது ஆகவில்லை, அடுத்த தகவல் இந்தத் தேதியில் வரும்." அந்தத் தேதியில் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் வந்து நின்று "இன்னும் ஒன்றும் இல்லை" என்று சொல்லுங்கள்.

7. "நீக்கப் போறவங்க லிஸ்ட் எனக்குத் தெரியும். வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கேன். அதுல இருக்கிற ஒருத்தர் வீட்டுக் கடன் வாங்கப் போறார். நான் என்ன செய்றது?"

அதிகம் கேட்கப்படுவதும், கேட்பவரின் கண் கலங்குவதும் இந்தக் கேள்விக்குத்தான். பெருங்குடியில் ஒரு டீம் லீட் சொன்னது: டீ குடிக்கும்போது அந்த ஆள் போனில் மாதத் தவணை கணக்குப் போட்டுக் காட்டுகிறார். 20 வருஷம் போட்டால் இவ்வளவு, 15 போட்டால் இவ்வளவு. "எது அண்ணா பெட்டர்?" என்று கேட்கிறார். லீடுக்குத் தெரியும், அடுத்த மாதம் இவருக்குச் சம்பளமே இல்லை.

லிஸ்டைக் காட்டச் சொல்லி நான் அறிவுரை தர மாட்டேன். ஒருவரிடம் சொல்லி மற்றவர்களிடம் சொல்லாமல் இருப்பதும் ஒருவகை அநியாயம். ஆனால் பேசாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. "எடு எடு, உனக்கென்ன" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "இந்தத் துறையில் இப்போது யாருக்கும் உத்தரவாதம் இல்லை. ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் பெரிய கடன் எதிலும் இறங்காதே. என் தம்பியாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்." இது எந்த ஒப்பந்தத்தையும் மீறாது, பொய்யும் இல்லை.

அதே நாளில் மேலே போய்ப் பேசுங்கள். பெயர் சொல்லியே பேசலாம், அவர்களுக்குத்தான் லிஸ்ட் தெரியுமே. "இவர் அடுத்த வாரம் முன்பணம் கட்டப் போகிறார். அறிவிப்பை முன்னால் கொண்டுவர முடியுமா? இவரிடம் மட்டுமாவது எச்.ஆர். முன்பே பேச முடியுமா?" நான் பார்த்தவரை, இப்படிக் கேட்டால் சில இடங்களில் தேதியை நகர்த்தியிருக்கிறார்கள். கேட்காத இடத்தில் தானாக நகர்ந்ததில்லை.

8. "எங்களுது பங்குச்சந்தையில இருக்கிற கம்பெனி. முன்கூட்டி சொன்னா செபி விதி இடிக்குமே?"

இடிக்கும். இணைப்பு, பிரிவு விற்பனை போன்ற வெளியாகாத தகவலைக் கசியவிடுவது உள்தகவல் வர்த்தகம் பற்றி, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி போட்ட 2015 விதிமுறைகளின்கீழ் குற்றம். இங்கே மௌனம் சரிதான். ஆனால் "எங்களை விக்கப் போறாங்களா?" என்று யாராவது கேட்டால் "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்ல எந்த விதியும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

இதற்கு ஒரு பழக்கம் வேண்டும். ஒன்றுமே நடக்காத காலத்திலும் இந்த வகைக் கேள்விக்கு "விற்பனை, இணைப்பு பற்றி நான் எப்போதும் எதுவும் சொல்வதில்லை" என்ற ஒரே பதிலைச் சொல்லி வாருங்கள். இல்லாதபோது "இல்லை" என்றும் இருக்கும்போது "சொல்ல முடியாது" என்றும் சொன்னால், இரண்டாவது பதிலே விஷயத்தைக் கசியவிட்டுவிடும். பங்குச்சந்தைக்குச் சொன்ன அதே நேரத்தில் ஊழியருக்கும் செய்தி போக வேண்டும். தன் வேலை போனதை டிவி ஸ்க்ரோலில் படிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

9. "பத்துப் பேர்ல மூணு பேரை அனுப்பணும். எப்படித் தேர்ந்தெடுக்கிறது? பெர்ஃபார்மன்ஸ் சரியில்லைன்னு எழுதிட்டா சுலபம்ங்கிறாங்களே?"

சுலபம்தான், அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். உண்மையில் பணம் இல்லாததால் அனுப்புகிறீர்கள். ஆனால் காகிதத்தில் அவர் திறமை இல்லாதவர் ஆகிறார். அடுத்த வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் அந்த முத்திரை கூடவே போகும். அதைவிட மோசம், அவரே அதை நம்ப ஆரம்பித்துவிடுவார். நான்கு வருஷம் நல்ல ரேட்டிங் வாங்கியவருக்கு ஐந்தாம் வருஷம் திடீரென்று 'முன்னேற்றத் திட்டம்' என்று ஒரு தாள் வந்தால் அது என்னவென்று அலுவலகம் முழுக்கத் தெரியும்.

தொழிலாளர்களுக்குச் சட்டம் ஒரு வழி சொல்கிறது: அதே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். மாற்றினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை. இது சிறந்த வழியா என்று வாதாடலாம். ஆனால் அளவுகோல் எதுவாக இருந்தாலும் பெயர்களைப் பார்ப்பதற்கு முன்னால் அதை எழுதி வைத்துவிட வேண்டும். மனதில் மூன்று பேரை வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பொருந்தும்படி விதி எழுதாதீர்கள். முடிந்ததும் லிஸ்டை ஒரு முறை பாருங்கள். பிரசவ விடுப்பிலிருந்து வந்தவர்கள், 45 வயது தாண்டியவர்கள், மேனேஜரிடம் எதிர்த்துப் பேசுபவர்கள் மட்டுமே அதில் இருந்தால் உங்கள் அளவுகோல் கோணல்.

10. "எங்களை நீக்கறதில்லை. ரூமுக்குக் கூப்பிட்டு நீங்களே ரிசைன் பண்ணுங்கன்னு சொல்றாங்க. இது சரியா?"

சரியில்லை. காட்சி எல்லா இடத்திலும் ஒன்றுதான். சின்ன மீட்டிங் ரூம். மேஜைமேல் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் டிஷ்யூ டப்பா. எச்.ஆர். இருவர். உள்ளே வரும்போதே போனை வெளியே வைக்கச் சொல்வார்கள். ராஜினாமா மின்னஞ்சலின் வாசகம் தயாராக இருக்கும், 'சொந்தக் காரணங்களுக்காக' என்று. இப்போதே அனுப்பினால் மூன்று மாதச் சம்பளம், இல்லாவிட்டால் டெர்மினேஷன், பின்னணிச் சரிபார்ப்பில் அது தெரியும் என்பார்கள். வெளியே வரும்போது லாகின் போயிருக்கும்.

இதன் நோக்கம், கேள்வி 2-ல் சொன்ன நோட்டீஸ், இழப்பீடு, அரசுக்குத் தகவல் ஆகிய எல்லாவற்றையும் தவிர்ப்பது. அறைக்குள் இருப்பவருக்கு என் பதில்: அங்கேயே எதையும் அனுப்ப வேண்டாம். "எழுத்தில் கொடுங்கள், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அன்றே, நடந்ததைத் தேதி நேரத்தோடு உங்கள் சொந்த மின்னஞ்சலில் எழுதி வையுங்கள். ஐ.டி. ஊழியர்களுக்கும் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசே 2016-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. எச்.ஆர். தரப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு: 'சொந்தக் காரணம்' என்ற அந்த வாசகம் பொய் என்று உங்களுக்குத் தெரியும். அதை இன்னொருவர் கையால் எழுத வைக்கிறீர்கள்.

11. "யாரையும் நீக்காம, அவங்களா போற மாதிரி தூரமா மாத்தி விட்டா?"

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது பிரான்ஸின் தொலைபேசி நிறுவனமான ஃப்ரான்ஸ் டெலிகாம். அதன் ஊழியர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர் தகுதி உள்ளவர்கள், நீக்க முடியாது. 2006-ல் போட்ட திட்டப்படி மூன்று ஆண்டில் 22,000 பேர் வெளியேற வேண்டும், 10,000 பேர் வேலை மாற வேண்டும். அதற்காகக் கட்டாய இடமாற்றம், பதவி இறக்கம், வேலையே தராமல் உட்கார வைப்பது எல்லாம் நடந்தன. "ஜன்னல் வழியோ கதவு வழியோ" ஆட்களை வெளியேற்றுவேன் என்று தலைவர் திதியே லொம்பார் மேலாளர்கள் கூட்டத்தில் பேசினார்.

பிறகு தற்கொலைகள் நடந்தன. நீதிமன்றம் விரிவாக எடுத்துப் பார்த்த 39 பேரில் 19 பேர் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள், 12 பேர் முயன்றவர்கள். 2019 டிசம்பர் 20 அன்று பாரிஸ் நீதிமன்றம் லொம்பாரையும் உயரதிகாரிகளையும் குற்றவாளிகள் என்றது. நிறுவனத்துக்கு 75,000 யூரோ அபராதம். 2025 ஜனவரியில் அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் லொம்பார் குற்றவாளி என்பதை உறுதி செய்தது. யாரோ ஒரு மேலாளர் ஒருவரைத் துன்புறுத்தினார் என்று விடாமல், நிறுவனக் கொள்கையே துன்புறுத்தலாக இருக்க முடியும் என்று ஏற்றதுதான் இந்தத் தீர்ப்பின் கனம்.

நாகர்கோவிலில் வயதான அம்மாவோடு இருப்பவரை, போகமாட்டார் என்று தெரிந்தே கௌஹாத்திக்கு மாற்றுவது இதே வகைதான்.

12. "ரெண்டு கம்பெனி சேருது. 'யாருக்கும் எந்த மாற்றமும் இருக்காது'ன்னு சொல்லச் சொல்றாங்க. சொல்லலாமா?"

சொல்லாதீர்கள். 1943-ல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் தொடங்கிய மதுரா வங்கி 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. ஒரு பக்கம் சங்கமும் பணிமூப்பும் உள்ள பழைய வங்கி, மறுபக்கம் வயதில் இளைய, வேகமான புது வங்கி. பணிமூப்பை எப்படிக் கணக்கிடுவது, பதவிப் பெயர் என்ன, யார் யாருக்குக் கீழ் என்பதெல்லாம் இப்படிப்பட்ட இணைப்பில் மாறாமல் இருக்க வழியே இல்லை. சம்பளம் குறையாது என்று எழுத்தில் இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள்.

இணைப்பில் ஊழியரைத் தவிர வேறு ஆட்களும் இருக்கிறார்கள். 2020 நவம்பரில் கரூர் லட்சுமி விலாஸ் வங்கியை டி.பி.எஸ். வங்கியோடு சேர்த்தபோது வைப்புதாரர் பணம் காப்பாற்றப்பட்டது, ஊழியர்களின் வேலையும் தொடர்ந்தது. பங்குதாரர்களின் முதல் மட்டும் முழுதாகத் துடைக்கப்பட்டது. தலைமுறையாக அந்தப் பங்குகளை வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. வரைவுத் திட்டம் வெளியாகிக் கருத்துச் சொல்ல இருந்தது மூன்று நாள். வங்கி முழுகும் அவசரம் புரிகிறது, வைப்புதாரரை முதலில் காப்பாற்றியதும் சரி. மூன்று நாள் அவகாசத்தைக் கருத்துக் கேட்டல் என்று அழைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கேள்வி 4-ல் சொன்னதுதான் இங்கேயும்.

13. "நல்லபடியா செஞ்ச கம்பெனி ஒண்ணாவது உண்டா?"

உண்டு, அது அடி வாங்கிக் கற்றுக்கொண்டது. 2008 ஜனவரியில் நோக்கியா ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர ஆலையை மூடுவதாக அறிவித்தது. 2,300 பேருக்கு வேலை போனது. நிறுவனம் நல்ல லாபத்தில் இருந்த நேரம். போராட்டம், புறக்கணிப்பு, அரசியல்வாதிகள் நோக்கியா போனைக் கைவிட்டது என்று பெயர் கெட்டது. 2011-ல் மறுபடி ஆட்குறைப்பு வந்தபோது 'பிரிட்ஜ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 13 நாடுகளில் 18,000 பேர். நோக்கியாவுக்குள்ளேயே வேறு வேலை, வெளியே வேலை, சொந்தத் தொழில், மேற்படிப்பு என்று வழிகளைக் கொடுத்து, எது என்று ஊழியரே தேர்ந்தெடுக்க விட்டார்கள். தொழில் தொடங்கியவர்களுக்கு ஆளுக்கு 25,000 யூரோ வரை உதவி. ஏறக்குறைய 1,000 புது நிறுவனங்கள் உருவாயின. மொத்தச் செலவு சுமார் 5 கோடி யூரோ, ஆளுக்கு 2,800 யூரோதான். முக்கியமாக, வேலை போகும் என்பதை முன்பே சொல்லிவிட்டார்கள். கடைசி நாளன்று 60 சதவீதம் பேருக்கு அடுத்து என்ன என்று தெரிந்திருந்தது.

அதே நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் முடிவு வேறு மாதிரி. 2006-ல் தொடங்கியது. வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால், 2014-ல் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது இந்த ஆலை போகவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் போனார்கள், 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அரசும் நிறுவனமும் வழக்காடிக்கொண்டிருந்த காலம் முழுதும், ஆலை இருக்குமா போகுமா என்று தெரியாமல் இருபது வயதுகளில் இருந்த பிள்ளைகள் தினமும் பஸ் ஏறி வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நிச்சயமின்மையும் ஒரு தண்டனை. அதற்கு எந்தச் சட்டத்திலும் இழப்பீடு கிடையாது.

14. "கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா? அவங்க நம்ம ரோல்ல (சம்பளப் பட்டியல்ல) இல்லையே."

அவர்களுக்குத்தான் முதலில் பொருந்தும், ஏனென்றால் அவர்கள்தான் முதலில் போகிறார்கள். ஒரு போன் கால், "நாளையிலிருந்து வர வேண்டாம்". நோக்கியாவை நம்பி இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அதே 2014 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பெரிய நிறுவனத்தின் திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் ரோலில் இருப்பவரோடு நின்றுவிடும். ஹவுஸ்கீப்பிங் அக்கா, செக்யூரிட்டி, கேப் ஓட்டுநர், கேன்டீன் ஆட்கள் எல்லோருக்கும் அறிவிப்பு ஒரே நாளில் போகட்டும். அவர்களுடைய பாக்கியைத் தீர்க்காமல் கான்ட்ராக்டரின் கடைசி பில்லைப் பாஸ் செய்யாதீர்கள்.

15. "கே.டி. (ஒருத்தர் செய்ற வேலையை அவர்கிட்டயே கத்துக்கிறது) எடுக்க வெளிநாடு அனுப்பினாங்க. எனக்குச் சொல்லிக் குடுக்கிறவருக்கு அதோட வேலை போகுது. நான் செய்றது பாவமா?"

இது நடக்கிறது. 2015-ல் ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் ஐ.டி. ஊழியர்கள் சுமார் 250 பேர், தங்கள் இடத்துக்கு வந்த இந்தியர்களுக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அது பெரிய சர்ச்சையானது. அங்கே போன நம் பிள்ளைகளுக்கும் அது சுகமான வேலையாக இருந்திருக்காது.

முடிவு உங்களுடையதல்ல. வங்கிக் கடனும் விசாவும் உங்களைக் கட்டிப் போட்டிருக்கும்போது மறுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், உங்களுக்கு இல்லை. உங்கள் கையில் இருப்பது நடத்தை. எதிரில் இருப்பவருக்குத் தன் வேலை போவது தெரியாது, உங்களுக்குத் தெரியும் என்றால், அந்தப் பொய்யில் பங்கேற்காதீர்கள். அவரிடம் சொல்லும்வரை கே.டி. தொடங்க முடியாது என்று உங்கள் மேனேஜரிடம் கேளுங்கள். தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவர் நேரத்துக்கு மரியாதை கொடுங்கள், அவர் கட்டியதைக் குறை சொல்லாதீர்கள். ஆவணங்களில் அவர் பெயரை அழிக்காதீர்கள்.

16. "போனவங்க போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்கு என்ன?"

போனவர்களின் வேலையும் சேர்ந்து அவர்கள் தலையில் விழும். பத்துப் பேர் வேலையை ஏழு பேர் செய்ய வேண்டும் என்றால், எந்த வேலையை நிறுத்தப் போகிறோம் என்று நிர்வாகம் பட்டியல் தர வேண்டும். தராமல் "நீங்கள்தான் எங்கள் நம்பிக்கை" என்று பீட்சா வாங்கிக் கொடுப்பது போதாது. இன்னொரு சுற்று உண்டா என்று கேட்பார்கள். உறுதியாகத் தெரியாதபோது "இதுதான் கடைசி" என்று சொல்லாதீர்கள்.

17. "எனக்கே இது பிடிக்கலை. ஆனா நான் மேனேஜர். செய்யலேன்னா எனக்குத்தான் வேலை போகும். எதுவரைக்கும் ஒத்துப் போகலாம்?"

பிடிக்காத முடிவை நியாயமான முறையில் நடத்திக் கொடுப்பது மேனேஜர் வேலையின் ஒரு பகுதி. நீங்கள் விலகினால் உங்கள் இடத்துக்கு வருபவர் இன்னும் மோசமாகச் செய்யலாம் என்பதும் உண்மைதான், ஆனால் அந்த வாதத்தை எதற்கும் பயன்படுத்தலாம் என்பதால் எச்சரிக்கையாக இருங்கள். நான் கோடு போடும் இடங்கள் இவை: பழைய தேதியில் மதிப்பீட்டை மாற்றி எழுதுவது, நேரடியாகக் கேட்டவரிடம் பொய் சொல்வது, ராஜினாமாவை மிரட்டி வாங்குவது, உடல்நிலையோ மனநிலையோ சரியில்லாதவர் என்று தெரிந்தும் அவர்மேல் அழுத்தம் கூட்டுவது. ஃப்ரான்ஸ் டெலிகாம் வழக்கில், திட்டத்தை நிறைவேற்ற உதவிய அடுத்த நிலை அதிகாரிகள் சிலரும் தண்டிக்கப்பட்டார்கள். மேலே சொன்னார்கள், செய்தேன் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

மறுப்பதற்குக் கத்த வேண்டியதில்லை, ராஜினாமா செய்ய வேண்டியதும் எப்போதும் இல்லை. வாய்மொழியாக வந்த உத்தரவை மின்னஞ்சலில் திருப்பிக் கேளுங்கள்: "இன்று பேசியபடி, இன்னாரின் மார்ச் மாத ரேட்டிங்கை இப்போது மாற்றச் சொல்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். சரிதானா? சரியென்றால் காரணத்தையும் எழுதி அனுப்புங்கள்." இதை எழுதிப் பார்த்த பலர் என்னிடம் சொன்னது, அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை, ரேட்டிங்கை மாற்றச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் கேட்கவும் இல்லை.